ஏவுகணை இருக்கட்டும், முதலில் இறங்கப் பழகுங்கள்: போர் விமான சிமுலேட்டரில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

டிசிஎஸ், ஃபால்கன் பிஎம்எஸ், ஐஎல்-2 மாதிரியான போர் விமான சிமுலேட்டருக்கு, அதாவது கணினியில் விமானம் ஓட்டும் விளையாட்டுக்கு, புதிதாக வருகிறவர்கள் பெரும்பாலும் எதிரி சுட்டு விழுவதில்லை. தாங்களே விழுகிறார்கள். ஓடுதளத்தை விட்டுப் புல்லில் பாய்ந்து, வளைவில் வேகத்தைத் தொலைத்து, இறங்கும்போது சக்கரத்தை ஒடித்து. அப்படியிருந்தும் முதல் நாளே தேடிப் பார்ப்பது என்னவோ ஏவுகணையை எப்படி ஏவுவது என்ற வீடியோவைத்தான். ஆசை நியாயமானது, வரிசைதான் தப்பு. கீழே வரும் தவறுகளில் பாதிக்கு மேல் அந்த வரிசை மாறியதால் வருபவை.

முதலில் காசு விஷயம். தள்ளுபடி வந்துவிட்டது என்று மூன்று நான்கு விமானங்களை ஒரே நாளில் வாங்கிப் போட்டுவிடுவார்கள். ஒவ்வொன்றிலும் ரேடார் வேறு, சுவிட்சுகள் வேறு, பொத்தான் அமைப்பு வேறு. ஒன்றில் கை பழகும் முன் அடுத்ததற்குத் தாவினால் இரண்டுமே மனதில் நிற்காது. டிசிஎஸ்ஸில் சூ-25டி, டிஎஃப்-51டி மஸ்டாங் என்று இரண்டு விமானங்கள் இலவசமாகவே வருகின்றன. இந்த மஸ்டாங்கில் ஆயுதம் கிடையாது. அதுதான் அதன் சிறப்பு என்பேன், பறப்பதைத் தவிர அதில் செய்ய வேறொன்றும் இல்லை. காசு கொடுத்து வாங்கும் விமானங்களிலும் பெரும்பாலானவற்றை 14 நாள் இலவசமாக ஓட்டிப் பார்க்க வழி உண்டு. ஃபால்கன் பிஎம்எஸ்ஸுக்கோ 1998இல் வந்த ஃபால்கன் 4.0 என்ற பழைய விளையாட்டு கையில் இருந்தால் போதும். எதை எடுத்தாலும் சரி, ஒன்றை மட்டும் எடுத்துக்கொண்டு சில மாதம் அதிலேயே இருங்கள்.

விமானம் தானாகச் சாய்கிறதா?

"விமானம் நேராகப் போகவே மாட்டேன் என்கிறது" என்ற புலம்பலுக்குக் காரணம் பெரும்பாலும் விமானம் இல்லை, கன்ட்ரோல் அமைப்பு. புதிதாக எந்தக் கருவியைச் செருகினாலும் அதன் அச்சுகளுக்கு டிசிஎஸ் தானாகவே ஒரு வேலையைக் கொடுத்துவிடும். ஜாய்ஸ்டிக்கின் எக்ஸ் அச்சு சாய்வுக்கும் ஒய் அச்சு மூக்கின் ஏற்ற இறக்கத்துக்கும் போவது சரிதான். ஆனால் பல ரடர் பெடல்களில் (வாலின் சுக்கானைக் காலால் திருப்பும் கருவி) இரண்டு கால் பிரேக்குகளும் கணினிக்கு எக்ஸ், ஒய் அச்சுகளாகத்தான் தெரியும். ஆக, அவையும் சாய்விலும் மூக்கிலும் போய் ஒட்டிக்கொள்ளும். உங்கள் கை ஸ்டிக்கை நடுவில் பிடித்திருக்கிறது, யாரும் மிதிக்காத பிரேக் பெடலோ ஒரு கோடியில் நிற்கிறது. விமானம் இரண்டு பேர் சொல்வதையும் கேட்க முயன்று உருள்கிறது.

அமைப்புகளில் அச்சுப் பட்டியலைத் திறந்து ஒவ்வொரு வரியாகப் பாருங்கள். சாய்வுக்கு ஒரே ஒரு கருவி, மூக்குக்கு ஒன்று, ரடருக்கு ஒன்று, த்ராட்டில் என்ற விசைக் கைப்பிடிக்கு ஒன்று. மிச்சமிருப்பதை அழித்துவிடுங்கள். புது விமானம் ஒவ்வொன்றுக்கும் இதைத் திரும்பச் செய்ய வேண்டும், அது எரிச்சல்தான். அப்புறம் விமானத்தில் உட்கார்ந்து வலது கன்ட்ரோலையும் என்டரையும் சேர்த்து அழுத்தினால் திரையின் மூலையில் சிவப்புக் கோடுகளோடு ஒரு சிறு கட்டம் வரும். கையையும் காலையும் எடுத்துவிட்டுப் பாருங்கள். குறி நடுவில் அசையாமல் நிற்க வேண்டும். த்ராட்டிலை முன்னால் தள்ளும்போது அதன் கோடு கீழே இறங்கினால் அச்சு தலைகீழாக இருக்கிறது. பிரேக்குக்கும் இதே சோதனை. முழு விசை கொடுத்தும் விமானம் நகராமல் முனகினால் தலைகீழான பிரேக் அச்சைத்தான் நான் முதலில் சந்தேகிப்பேன்.

அடுத்து, வளைகோடு, அதாவது கை அசைவுக்கு விமானம் எவ்வளவு அசைய வேண்டும் என்பதை மாற்றும் கர்வ் அமைப்பு. ஸ்டிக் ரொம்பத் துடிப்பாக இருக்கிறது என்று கர்வ் மதிப்பை ஏற்றிக்கொண்டே போவார்கள். அப்படிச் செய்தால் நடுப்பகுதி மந்தமாகும், உண்மை. ஆனால் விளிம்பில் அதே அளவு முரட்டுத்தனம் சேர்ந்துகொள்ளும், இழுத்து வளைக்கும் நேரத்தில் விமானம் திடீரென்று துள்ளும். கர்வ் எதற்கு என்று தெரிந்தால் அளவும் தெரியும். இரண்டாம் உலகப் போர்க்கால விமானத்தில் ஸ்டிக் விமானியின் கால்களுக்கு நடுவே நீளமாக நின்றது, அதன் நகர்வைக் கையடக்க ஜாய்ஸ்டிக்கில் சுருக்கும்போது கொஞ்சம் கர்வ் தேவைப்படும். எஃப்-16இன் நிஜ ஸ்டிக் அழுத்தத்தை அளப்பது, ஏறக்குறைய அசையவே அசையாது. கை சொல்வதைக் கணினி வாங்கித்தான் விமானத்துக்குச் சொல்கிறது. அதற்கெல்லாம் பெரிய கர்வ் வேண்டாம்.

ஸ்டார்ட் செய்யத் தெரிந்தால் பறக்கத் தெரிந்ததாகாது

புதியவர்களுக்கு மிகப் பிடித்த பாடம் கோல்ட் ஸ்டார்ட். இருண்ட காக்பிட்டில் ஒவ்வொரு சுவிட்சாகப் போட்டு எஞ்சினை உயிர்ப்பிப்பது. ரசிக்கத் தக்கதுதான், மறுக்கவில்லை. ஆனால் கற்க வேண்டியவற்றில் ஆகச் சுலபமானது அது. வரிசையாகச் செய்தால் யாருக்கும் வரும், பட்டியலைப் பக்கத்தில் வைத்துக்கொண்டும் செய்யலாம். காற்றில் விமானத்தைப் பிடித்து வைக்கத்தான் பட்டியல் கிடையாது. ஆகவே ஆரம்பத்தில் எஞ்சின் ஓடும் நிலையிலோ நடுவானிலோ தொடங்கும் பயிற்சியை எடுங்கள். குறித்த உயரம், குறித்த வேகம், குறித்த திசையில் ஐந்து நிமிடம் பறக்க முடிகிறதா? 30 டிகிரி சாய்வில் ஒரு முழு வட்டம் போட்டுவிட்டு அதே உயரத்துக்கு வர முடிகிறதா? பார்க்க அசட்டுத்தனமாக இருக்கும், செய்து பாருங்கள், உயரமானி ஆடுகிற ஆட்டம் தெரியும்.

இங்கேதான் ட்ரிம்மை, அதாவது கை அழுத்தாமலே விமானத்தை ஒரே நிலையில் நிறுத்தும் அமைப்பை, மறப்பதும் நடக்கிறது. மஸ்டாங் போன்ற விமானத்தில் வேகமோ விசையோ மாறினால் ட்ரிம்மும் மாற வேண்டும். மறந்தால் பயணம் முழுக்க ஸ்டிக்கோடு மல்லுக்கட்ட வேண்டியதுதான். முதலில் ஸ்டிக்கால் விமானத்தை வேண்டிய நிலையில் நிறுத்துங்கள், பிறகு கையின் அழுத்தம் தேவைப்படாத வரை ட்ரிம்மைத் தட்டுங்கள். ட்ரிம்மைக் கொண்டே விமானத்தை ஓட்டப் பார்ப்பது இதன் மறுகோடித் தவறு.

இறங்குவது

"இறங்குவதை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம், மிஷன் முடிந்ததும் வெளியேறினால் போதும்." இப்படிச் சொல்பவர்கள் குறைந்த வேகத்தில் விமானம் எப்படி நடந்துகொள்ளும் என்பதைக் கற்பதே இல்லை. நெருக்கமான சண்டையும் கடைசியில் அந்தக் குறைந்த வேகத்தில்தான் வந்து முடியும்.

நவீன ஜெட்டில் விமானியின் கண்முன் தகவல் காட்டும் ஹட் கண்ணாடியில் இறக்கை முளைத்த மாதிரி ஒரு சிறு வட்டம் தெரியும், ஃபிளைட் பாத் மார்க்கர். மூக்கு எங்கே பார்க்கிறது என்பதை அது காட்டுவதில்லை, விமானம் உண்மையில் எங்கே போகிறது என்பதைக் காட்டுகிறது. புதியவர்கள் மூக்கை ஓடுதளத்தின் மேல் வைத்துக்கொண்டு வருவார்கள், விமானமோ அதற்கு முன்னாலேயே மண்ணில் போய் இறங்கும். மார்க்கரை ஓடுதளத்தின் தொடக்க விளிம்பில் வைக்க வேண்டும். உயரம் சரியா என்பதையும் அதே ஹட் சொல்லிவிடும். அந்த விளிம்பு அடிவானக் கோட்டுக்கு 3 டிகிரி கீழே தெரிந்தால் சரியான பாதையில் இருக்கிறீர்கள். 5 டிகிரி கீழே தெரிந்தால் ரொம்ப உயரத்தில் இருக்கிறீர்கள், அங்கிருந்து மூக்கைக் கவிழ்த்துப் பாய்ந்தால் வேகம் ஏறித் தளத்தின் பாதியில்தான் சக்கரம் படும். சுற்றிவிட்டு மறுபடி வாருங்கள். நிஜ விமானிகளும் அதைத்தான் செய்கிறார்கள்.

இறங்கும் வேகம் என்று ஒரே எண்ணை மனப்பாடம் செய்வதும் தவறு. எரிபொருளும் குண்டும் நிறைந்த விமானத்துக்கும் காலியான விமானத்துக்கும் அந்த எண் வேறு வேறு. மாறாதது தாக்குகோணம், அதாவது இறக்கை காற்றைச் சந்திக்கும் கோணம். எஃப்-ஏ-18 ஹார்னெட்டில் அது 8.1 டிகிரி. வேகம் 250 நாட்டுக்கு (நாட் என்றால் மணிக்கு ஒரு கடல் மைல்) கீழே வந்ததும் சக்கரத்தையும் ஃபிளாப் என்ற இறக்கை மடலையும் இறக்கி, 8.1 வரும்வரை ட்ரிம் செய்யுங்கள். ஹட்டின் பக்கத்தில் உள்ள சிறு விளக்குகளில் மஞ்சள் வட்டம் எரியும். பச்சை அம்பு எரிந்தால் மெதுவாகப் போகிறீர்கள், சிவப்பு எரிந்தால் வேகமாக. அதற்கப்புறம் உயரத்தைத் த்ராட்டிலால் பாருங்கள். விசையைக் கொஞ்சம் கூட்டினால் மார்க்கர் மேலே போகும், குறைத்தால் கீழே வரும். முதலில் கை இதை நம்பாது, ஸ்டிக்கைத்தான் இழுக்கப் பார்க்கும். ஹார்னெட் விமானந்தாங்கிக் கப்பலுக்கென்றே கட்டியது, கடைசியில் மூக்கைத் தூக்காமல் அப்படியே தரையில் பதிக்கலாம். எஃப்-16 அப்படியில்லை. 11 டிகிரியில் வந்து, தரையை நெருங்கும்போது மெல்ல மூக்கைத் தூக்கி 13க்குள் இறங்க வேண்டும். சக்கரம் பட்ட பிறகும் மூக்கைக் கொஞ்ச நேரம் அப்படியே தூக்கி வைத்தால் காற்றே பிரேக் போடும். ரொம்பத் தூக்கினால் வால் பகுதி தரையில் உரசும்.

கப்பலில் இறங்குவதை முதல் வாரத்திலேயே முயல்பவர்களுக்கு ஒரு வார்த்தை: நிலத்தில் பத்துக்கு எட்டு முறை ஒரே இடத்தில் சக்கரத்தை வைக்க வரும்வரை வேண்டாம். அசையாத தளத்தில் வராதது நகரும் தளத்தில் வராது.

உந்துவிசிறி விமானம் புறப்படுவது

பழைய விமானங்களில் புறப்பாடுதான் முதல் மயானம். மஸ்டாங்கின் விசிறி விமானி பார்வையில் வலஞ்சுழியாகச் சுற்றுகிறது, அதனால் விமானம் இடப்பக்கம் இழுக்கும். விசையை ஒரேயடியாகத் தள்ளினால் இழுப்பும் ஒரேயடியாக வரும். புறப்பாட்டு விசை 61 அங்குலம் (எஞ்சினுக்குள் போகும் காற்றின் அழுத்த அளவு) என்று கையேடு சொன்னால் அதை மெல்ல மெல்ல எட்ட வேண்டும். ரடர் ட்ரிம்மை முன்கூட்டியே வலப்பக்கம் சுமார் 6 டிகிரி வைத்து, மீதியை வலது காலால் பிடியுங்கள்.

பலருக்குத் தெரியாத விஷயம், மஸ்டாங்கில் ஸ்டிக்கைப் பின்னால் பிடித்திருக்கும்வரைதான் வால் சக்கரம் பூட்டியிருக்கும். அவசரப்பட்டு முன்னால் தள்ளினால் பூட்டு விடுபடும், அப்போது ரடருக்கும் போதிய காற்று கிடைத்திருக்காது, விமானம் சுழன்றுவிடும். அதோடு, கிரிஃபன் எஞ்சின் பூட்டிய பிந்தைய ஸ்பிட்ஃபயர்களில் விசிறி எதிர்த்திசையில் சுற்றும். அங்கே இடது கால்.

சண்டை

இதைக் கடைசியில் வைத்ததற்குக் காரணம் மேலேயே சொல்லியாயிற்று.

எதிரியைக் கண்டதும் ஸ்டிக்கை வயிறு வரை இழுப்பதுதான் எல்லோரும் செய்வது. எஃப்-16இல் கணினி 9 ஜிக்கு, அதாவது புவியீர்ப்பின் ஒன்பது மடங்குக்கு, மேல் விடாது, அதனால் இறக்கை ஒடியாது. ஆனால் அந்த இழுப்புக்கு விலை வேகம். ஒரு வட்டம் முடிவதற்குள் 450 நாட் 250 ஆகிவிட்டால், அப்புறம் எவ்வளவு இழுத்தாலும் மூக்கு நகராது. வேகமானியைப் பார்த்துக்கொண்டே வளையுங்கள். வேகம் சரிகிறதென்றால் பிடியைத் தளர்த்துங்கள், கொஞ்சம் கீழ்நோக்கி வளைந்து மீட்டெடுங்கள். பழைய விமானங்கள் இன்னும் கறாரானவை. முதலில் உடல் அதிரும், அதையும் மீறி இழுத்தால் ஒரு இறக்கை சட்டென்று விழும். அந்த நேரத்தில் ஸ்டிக்கை எதிர்ப்பக்கம் சாய்த்து நிமிர்த்தப் பார்த்தால் நிலைமை மோசமாகும். ஸ்டிக்கை முன்னால் விட்டு, சுழலுக்கு எதிரான ரடரை மிதியுங்கள்.

ஏவுகணையில், திரை "தூரத்துக்குள்" என்று காட்டியதுமே ஏவுவது வீண். ராக்கெட் எஞ்சின் சில விநாடிதான் எரியும், மீதித் தூரம் முழுக்க இருக்கும் வேகத்தில் மிதந்து போவதுதான். எதிரி திரும்பி ஓடினாலே போதும், கடைசி எல்லையில் ஏவிய ஏவுகணை எட்டாது. உயரமும் கணக்கில் வரும். 30,000 அடியில் காற்று மெலிது, ஏவுகணை வெகுதூரம் போகும். 5,000 அடியில் அதே ஏவுகணை சீக்கிரமே மூச்சுவாங்கும்.

தற்காப்பிலும் குழப்பம் உண்டு. எச்சரிக்கை ஒலித்ததும் ஃபிளேர் (எரியும் தீப்பந்து), சாஃப் (ரேடாரைக் குழப்பும் உலோகத் துகள்) இரண்டையும் கொட்டிவிட்டு நேராகவே பறப்பார்கள். ஃபிளேர் வெப்பத்தைத் தேடி வரும் ஏவுகணைக்கு மட்டும்தான், அதுவும் எஞ்சின் வெளியேற்றத்தில் கூடுதல் எரிபொருளை எரிக்கும் ஆஃப்டர்பர்னரை அணைத்துவிட்டுப் போட்டால்தான் ஓரளவு எடுபடும். ரேடார் ஏவுகணைக்கு அது ஒன்றுமே செய்யாது. அங்கே சாஃப் உதவும், ஆனால் தனியாக உதவாது. எதிரி ரேடாருக்குச் செங்குத்தாகத் திரும்பி, முடிந்தால் தாழ்வாகவும் பறந்தால், நெருங்கவும் விலகவும் செய்யாத உங்களை ரேடார் தரையின் எதிரொலியோடு சேர்த்து வடிகட்டிவிட வாய்ப்புண்டு.

விமானங்களின் மேல் பெயர் காட்டும் லேபிளைப் போட்டு விளையாடுவது கேவலம் என்று சிலர் சொல்வார்கள், காதில் போட்டுக்கொள்ளாதீர்கள். திரையில் ஒரு புள்ளியாகத் தெரியும் விமானத்தைக் கண் கண்டுபிடிக்கப் பழகும்வரை அது இருக்கட்டும். தலையசைவைப் பின்தொடரும் கருவி இருந்தால் நல்லது, இல்லாவிட்டால் வெப்கேமராவை வைத்து ஓபன்டிராக் என்ற இலவச மென்பொருளை முயலலாம். கிராஃபிக்ஸ் அமைப்பில் வாரக்கணக்காக மூழ்குவது பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை, நிலையான ஃபிரேம் வந்தால் மூடிவிட்டுப் பறக்கப் போங்கள்.

செத்ததும் உடனே மறுபடி தொடங்குவதையும் விடுங்கள். டாக்வியூ என்ற மென்பொருளில் பறப்பின் பதிவைத் திறந்து கடைசி ஒரு நிமிடத்தை மட்டும் ஓட்டிப் பாருங்கள். வேகம் எங்கே விழுந்தது, ஏவுகணை எந்தக் கணத்தில் புறப்பட்டது, அப்போது நீங்கள் எந்தப் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தீர்கள் என்பது எல்லாம் அதில் இருக்கும்.

ஆன்லைன் சர்வருக்குப் போகும்போது ஓடுதளத்தின் குறுக்கே டாக்ஸி செய்யாதீர்கள் (தரையில் ஊர்ந்து போகாதீர்கள்), ஊர்ந்து போகும் பாதையான டாக்ஸிவேயிலிருந்து எழும்பாதீர்கள். எதிரி என்று ஐஎஃப்எஃப் (நண்பனா எதிரியா என்று அடையாளம் காணும் கருவி) மூலமோ வான் கண்காணிப்பு விமானமான அவாக்ஸைக் கேட்டோ உறுதி செய்யாமல் எதையும் சுடாதீர்கள். புதியவர் என்று ரேடியோவில் சொல்லிவிட்டு யாருடைய பக்கத்திலாவது விங்மேனாக ஒட்டிக்கொள்ளக் கேளுங்கள், பெரும்பாலும் யாராவது ஒருவர் சரி என்பார். ஃபார்மேஷனில் அவரைப் பிடித்து நிற்கும் வேலையே அன்றைக்குப் போதுமானதாக இருக்கும்.