ஏற்பியின் வாலில் டேக் போடாதீர்கள்: சினாப்ஸ் புரத ஆய்வில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

மூளையில் ஒரு நரம்பணு, அடுத்ததோடு சந்திக்கும் இடமான சினாப்ஸில், அதைத் தூண்டப் பெரும்பாலும் அனுப்புவது குளூட்டமேட் என்ற வேதிப்பொருள். அதை வாங்கிக்கொள்ளும் ஏற்பிகளில் ஆம்பா, என்எம்டிஏ இரண்டையும் பற்றித்தான் பேச்சு அதிகம். இந்த ஏற்பிகள் நரம்பணுவின் வெளிச்சவ்வில் நிற்கின்றன. அவற்றின் வால் நரம்பணுவுக்குள் தொங்குகிறது. அந்த வாலை எந்தப் புரதம் பிடித்துவைத்திருக்கிறது என்பதுதான் இந்தத் துறையின் தலையாய கேள்வி. என்எம்டிஏ ஏற்பியின் வாலை பிஎஸ்டி-95 என்ற புரதம் பிடிக்கிறது என்று 1995-இல் ஈஸ்ட் சோதனையில் தெரிந்தது. அதற்குப் பிறகு ஜோடிகளின் பட்டியல் நீண்டுகொண்டே போகிறது. அந்தப் பட்டியலில் எல்லாமே மூளையில் நடப்பவை அல்ல.

நானே செய்த தவறிலிருந்து தொடங்குகிறேன். க்ளூஎன்2பி என்ற என்எம்டிஏ துணையலகின் வால், குளூட்டமிக் அமிலம், செரின், அஸ்பார்ட்டிக் அமிலம், வாலின் என்று நான்கு அமினோ அமிலங்களில் முடிகிறது. பிஎஸ்டி-95-இல் உள்ள பிடிஇசட் என்ற பள்ளம் கவ்வுவது இந்தக் கடைசி நுனியைத்தான். அதுவும் நுனி திறந்திருந்தால்தான். அந்த இடத்தில் நான் பச்சையாக ஒளிரும் ஜிஎஃப்பி என்ற புரதத்தை டேக்காக, அதாவது அடையாளத் துண்டாக, ஒட்டவைத்தேன். பள்ளத்துக்குக் கவ்வ எதுவும் இல்லை. ‘பிணைப்பே இல்லை’ என்று இரண்டு மாதம் மண்டையை உடைத்துக்கொண்டேன்.

சரி, அப்படியானால் டேக்கைத் தலைப்பக்கம் போடலாமா? ஏற்பிக்குப் போடலாம், ஆனால் சிக்னல் பெப்டைடு என்ற தொடக்கத் துண்டுக்குப் பின்னால். முன்னால் போட்டால் அதோடு சேர்ந்து வெட்டுப்பட்டுப் போய்விடும். இதே பாடத்தை அப்படியே பிஎஸ்டி-95-க்கும் பொருத்தினால் மறுபடியும் மாட்டிக்கொள்வீர்கள். அதன் தலையில் 3, 5-ஆம் இடங்களில் இருக்கும் சிஸ்டீன்களில் பால்மிடேட் என்ற கொழுப்பு ஒட்டுகிறது. சினாப்ஸில் போய் நிற்க அது வேண்டும். ஆக, ஏற்பிக்குத் தலையில், பிஎஸ்டி-95-க்கு வாலில்.

அடுத்தது, சோதனைக் குழாயில் ஒட்டியதை வைத்து மூளைக்குத் தீர்ப்புச் சொல்வது. பிடிஇசட் பள்ளங்கள் அவ்வளவு கறாரானவை அல்ல. புரதத்தை அளவுக்கு மீறிக் கொட்டினால் பக்கத்தில் கிடைத்த வாலைப் பிடித்துக்கொள்ளும். ஆம்பா ஏற்பியின் துணையலகான க்ளூஏ1-இன் கதை இதில் எனக்குப் பிடித்த உதாரணம். அதன் வால் நுனியை மாற்றினால், சினாப்ஸ் நெடுநேரம் வலுப்பெற்று நிற்கும், நினைவோடு தொடர்புள்ள எல்டிபி நிகழ்வின்போது ஏற்பி சினாப்ஸுக்குப் போய்ச் சேர்வதில்லை என்று 2000-இல் ஒரு குழு காட்டியது. அதில் வெளியிலிருந்து செலுத்திய ஏற்பியைத்தான் பார்த்தார்கள். 2005-இல் மரபணுவிலேயே கடைசி 7 அமினோ அமிலங்களை நீக்கிய எலிகள் வந்தன. அவற்றில் க்ளூஏ1 இருக்க வேண்டிய இடத்தில் இருந்தது, எல்டிபியும் நடந்தது. முதல் ஆய்வு பொய் என்று நான் சொல்லவில்லை. கேட்ட கேள்வி வேறு, அவ்வளவுதான்.

இடையில் இருக்கும் ஆளைக் கவனிக்காமல் விடுவதும் உண்டு. பிஎஸ்டி-95-ஐக் கூட்டினால் ஆம்பா ஏற்பியும் சினாப்ஸில் கூடுகிறது. உடனே ‘நேரடிப் பிணைப்பு’ என்று எழுதத் தோன்றும். நடுவில் ஸ்டார்காசின் என்ற புரதம் இருக்கிறது. பிஎஸ்டி-95 பிடிப்பது அதன் வாலை.

சவ்வைக் கரைத்துப் புரதத்தை வெளியே எடுக்கும் டிடர்ஜென்ட் விஷயத்தில் இரண்டு பக்கமும் ஆபத்து. சினாப்ஸில் வாங்கும் நரம்பணுவின் உள்பக்கம் இருக்கும் அடர்ந்த புரதத் தகடு டிரைட்டான் எக்ஸ்-100 என்ற டிடர்ஜென்டுக்கு மசியாது. மையவிலக்கியில் சுழற்றியதும் அடியில் படிந்துவிடும். அதைத் தூக்கிப் போட்டுவிட்டு மேலே இருக்கும் திரவத்தில் என்எம்டிஏ ஏற்பியைத் தேடுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். டிஆக்சிகோலேட் என்ற இன்னொரு டிடர்ஜென்ட் நன்றாகக் கரைக்கும். அரைகுறையாகக் கரைந்தால் ஆபத்து எதிர்ப்பக்கம்: கரையாத ஒரே துணுக்கில் கிடக்கும் இரண்டு புரதங்கள், அவற்றில் ஒன்றைப் பிடித்திழுக்கும் ஆன்டிபாடியோடு ஒன்றாக வந்து, பிணைந்தவை போல நடிக்கும். ஆன்டிபாடியைச் சேர்ப்பதற்கு முன் 100,000 ஜி விசையில் ஒரு மணி நேரம் சுழற்றிவிடுங்கள்.

நுண்ணோக்கியில் இரண்டு புரதங்களுக்குக் கொடுத்த சிவப்பும் பச்சையும் சேர்ந்து மஞ்சள் தெரிந்தால் மகிழ்ச்சி வேண்டாம். சாதாரண ஒளி நுண்ணோக்கி பிரித்துக் காட்டுவது சுமார் 200 நானோமீட்டர் வரை. சினாப்ஸ் இடைவெளியோ 20 நானோமீட்டர்தான். அக்கரையில், அனுப்பும் நரம்பணுவில், இருக்கும் பசூன் என்ற புரதமும் இக்கரையில் இருக்கும் பிஎஸ்டி-95-உம்கூட ஒன்றன்மேல் ஒன்றாகத் தெரியும்.

பழைய கட்டுரைகளில் பெயர்களைப் பார்த்துப் படியுங்கள். 2009-க்கு முன் என்ஆர்2பி என்றிருந்தால் அது இன்றைய க்ளூஎன்2பி. க்ளூஆர்5 என்பது கைனேட் என்ற இன்னொரு வகைக் குளூட்டமேட் ஏற்பி. எம்க்ளூஆர்5 முற்றிலும் வேறு ஆள். இந்த ஒரு எழுத்தில் தவறான ஆன்டிபாடி வாங்கினவர்கள் உண்டு.

அப்புறம், புரதங்களை அளவுவாரியாகப் பிரிக்கும் ஜெல்லில் ஏற்றும் முன் பழக்கதோஷத்தில் சாம்பிளை 95 டிகிரியில் சூடாக்காதீர்கள். சவ்வைப் பல முறை ஊடுருவும் புரதங்கள் கட்டிதட்டி, ஜெல்லின் மேல் விளிம்பிலேயே நின்றுவிடலாம். 37 டிகிரியில் அரை மணி நேரம் வைத்துப் பாருங்கள்.