‘ஃபால்டி டவர்ஸ்’ என்ற பிரிட்டிஷ் நகைச்சுவைத் தொடரின் ‘தி ஜெர்மன்ஸ்’ எபிசோடைப் புரிந்து சிரிக்க

முதலில் சப்டைட்டிலைப் போட்டுவிடுங்கள், ஓட்டல் முதலாளி பாசில் பேசுகிற வேகத்துக்கு அது இல்லாமல் முடியாது. 1975 அக்டோபரில் பிபிசியில் வந்த எபிசோடு இது. முதல் பாதிக்குத் தயாரிப்பே வேண்டாம்: மனைவி ஆஸ்பத்திரியில், ஓட்டலில் தீ ஒத்திகை, திருட்டு அலாரம் எது தீ மணி எது என்று குழம்பும் விருந்தினர்கள், அப்புறம் நிஜத் தீ.

தலையில் அடிபட்ட பாசில் ஜெர்மன் விருந்தினர்களிடம் ஆர்டர் எடுக்கும் இடம்தான் முக்கியம். இரண்டாம் உலகப் போரைப் பற்றி மூச்சு விடாதீர்கள் என்று ஊருக்கெல்லாம் சொல்லிவிட்டு, ‘ப்ரான் காக்டெயில்’ என்ற இறால் உணவை ‘ப்ரான் கோயபல்ஸ்’ ஆக்குகிறார், ஊறவைத்த ஹெர்ரிங் மீன் ‘ஹெர்மன் கோரிங்’ ஆகிறது, கோல்ட் மீட் சாலட் ‘கோல்டிட்ஸ் சாலட்’ ஆகிறது. சத்தமாகச் சொல்லிப் பாருங்கள், ஒலி ஒற்றுமை பிடிபடும். கோயபல்ஸ் ஹிட்லரின் பிரச்சார அமைச்சர், கோரிங் விமானப்படைத் தலைவர். கோல்டிட்ஸ், பிடிபட்ட நேசநாட்டு அதிகாரிகளை அடைத்து வைத்த கோட்டை; அதைப் பற்றி பிபிசியிலேயே 1972 முதல் 74 வரை ஒரு தொடர் ஓடியதால் அன்றைய ரசிகர்களுக்கு விளக்கம் தேவைப்படவில்லை.

எப்போதும் கேலிக்கு ஆளாகும் ஸ்பானியப் பணியாள் மானுவேலையும் கவனியுங்கள். நடித்த ஆண்ட்ரூ சாக்ஸ் பெர்லினில் பிறந்தவர், நாஜிகளிடமிருந்து தப்பி வந்த குடும்பம்! ஸ்பெயினில் டப்பிங் செய்தபோது மானுவேலை இத்தாலியன் ஆக்கிவிட்டார்கள், நியாயம்தான்.

பிள்ளைகளோடு பார்ப்பதானால் ஒன்று: ஓட்டலிலேயே தங்கியிருக்கும் முன்னாள் ராணுவ மேஜர் பேசும் ஒரு காட்சியில் அப்பட்டமான இனவெறிச் சொற்கள் வரும். 2020இல் ஒரு ஸ்ட்ரீமிங் தளம் இந்த எபிசோடையே எடுத்துவிட்டு, பிறகு எச்சரிக்கையோடு திரும்பப் போட்டது.