நெஞ்சு நோவுக்கு ட்ரோபோனின் சோதனை: ஒரு தரம் போதாது

களுவாஞ்சிகுடியிலோ கல்முனையிலோ நெஞ்சு நோ வந்தால், தனியார் லாப்பில் ட்ரோபோனின் சோதனைக்கு இரத்தம் கொடுத்துவிட்டு வீட்டில் ரிப்போர்ட்டுக்குக் காத்திருக்காதீர்கள். 1990 அம்புலன்ஸை அழையுங்கள். வைத்தியசாலையில் முதல் 10 நிமிடத்துக்குள் ஈசிஜி. அதில் மாரடைப்பு தெளிவாகத் தெரிந்தால் இரத்த முடிவுக்காகச் சிகிச்சை நிற்காது.

நோ தொடங்கிய நேரத்தை மணிக்கணக்கில் சொல்லுங்கள்; 'காலையில' என்றால் போதாது. இதயத் தசை சேதமானால் இரத்தத்தில் கசியும் ட்ரோபோனின் என்ற புரதம், வழக்கமான சோதனையில் தெரிய 3 முதல் 6 மணித்தியாலம் எடுக்கும். அதனால்தான் முதல் முடிவு 'நெகட்டிவ்' என்றாலும் மறுபடி எடுப்பார்கள்: மிகச் சிறிய அளவையும் காட்டும் நுண்ணிய சோதனையில் 1 முதல் 3 மணித்தியாலத்திலும், வழக்கமான பழைய முறையில் 6 மணித்தியாலம் வரை பொறுத்தும். இரண்டு முடிவுகளுக்குமிடையே ஏற்ற இறக்கம்தான் முக்கியம். சிறுநீரக நோயாளிக்கு அளவு எப்போதும் சற்றுக் கூடியே இருக்கலாம்.

இரத்தம் விட்டுக் கோடு தோன்றுகிறதா என்று பார்க்கும் கார்ட் சோதனையில் மங்கலான கோடும் கோடுதான், பொசிட்டிவ். ஆனால் பெட்டியில் சொன்ன நேரம் கடந்து தோன்றுவதைக் கணக்கில் எடுக்கக்கூடாது. கார்ட் சரியாக வேலை செய்கிறது என்று காட்டும் கட்டுப்பாட்டுக் கோடே வரவில்லையென்றால் கார்ட் பழுது, புதியதில் செய்யுங்கள்.

இரத்தம் எடுத்த சோதனைக் குழாயைக் குலுக்காதீர்கள், மெல்லக் கவிழ்த்தால் போதும். சிவப்பணு உடைந்தால் முடிவு பிசகும். முடி வளர பயோட்டின் மாத்திரை போடுபவர் அதையும் சொல்லவேண்டும். சில கருவிகளில் அது அளவைக் குறைத்துக் காட்டும்.

இரு ரிப்போர்ட்டுகளை ஒப்பிடுமுன் அலகைப் பாருங்கள்: லீற்றருக்கு 14 நானோகிராம் என்பதும் மில்லிலீற்றருக்கு 0.014 என்பதும் ஒன்றே.