கரண்ட் எங்கே போகிறது? மின் மானிட்டர் வாங்கும் முன் செய்ய வேண்டியவை

வீட்டின் மின்செலவை அளந்து மொபைலில் காட்டும் மின் மானிட்டரை மாட்டிய முதல் நாள் அது எனக்குக் காட்டிய அளவு 0 வாட். தலைக்கு மேலே ஃபேன் சுற்றுகிறது, ஃப்ரிட்ஜ் உறுமுகிறது, ரவுட்டர் மினுக்குகிறது. மொபைல் திரையில் மட்டும் சுழியம். கருவி பழுது என்று முடிவுகட்டி, திருப்பி அனுப்பப் பெட்டியைத் தேட ஆரம்பித்துவிட்டேன். பழுது கருவியில் இல்லை, வயரைக் கவ்விக் கரண்டை அளக்கும் கிளாம்பை நான் மாட்டிய விதத்தில். அந்தக் கதை ஆறாவது படியில் வருகிறது. ஆனால் அதைவிடப் பெரிய தவறை வாங்கும்போதே செய்திருந்தேன். எனக்கு என்ன தெரிய வேண்டும் என்று யோசிக்கவே இல்லை. ஆப்பில் கிராஃப் அழகாக இருக்கிறதே என்று வாங்கினேன். நீங்கள் முதலில் கேள்வியை முடிவு செய்யுங்கள், கருவியைப் பிறகு பார்க்கலாம்.

படி 1: மீட்டரின் சிமிட்டலை எண்ணுங்கள்

எதையும் வாங்காமல் இன்றைக்கே தொடங்கலாம். டிஜிட்டல் மீட்டரின் முகப்பில் சின்னதாக ஒரு சிவப்பு விளக்கு விட்டுவிட்டு மின்னும். பக்கத்திலேயே 1000, 1600, 3200 என்று ஏதாவது ஒரு எண் அச்சிட்டிருக்கும். ஒரு யூனிட் ஓடி முடிவதற்குள் அந்த விளக்கு அத்தனை முறை சிமிட்டும் என்று அர்த்தம். ஒரு யூனிட் என்பது 1000 வாட் சாதனம் ஒரு மணி நேரம், அதாவது 3600 விநாடி, ஓடினால் ஆகும் செலவு. ஆகவே 36,00,000-ஐ அந்த எண்ணால் வகுத்து, வருவதை இரண்டு சிமிட்டலுக்கு இடையே ஆகும் விநாடிகளால் வகுத்தால், இந்த நிமிடம் வீடு எத்தனை வாட் இழுக்கிறது என்று தெரிந்துவிடும்.

3200 என்று போட்டிருக்கும் மீட்டரில் பத்துச் சிமிட்டலுக்கு 45 விநாடி ஆகிறது என்று வைத்துக்கொள்வோம். ஒரு சிமிட்டலுக்கு 4.5 விநாடி. 36,00,000-ஐ 3200-ஆல் வகுத்தால் 1125, அதை 4.5-ஆல் வகுத்தால் 250 வாட். ஸ்டாப்வாட்சைத் தட்டும் முதல் சிமிட்டலை ‘சுழியம்’ என்று எண்ணுங்கள். ‘ஒன்று’ என்று ஆரம்பித்தால் பத்து வரும்போது ஒன்பது இடைவெளிதான் கடந்திருக்கும். விடை பத்து சதவீதத்துக்கு மேல் கூடுதலாக வரும். பழைய வட்டத்தகடு மீட்டராக இருந்தால் ஒரு யூனிட்டுக்கு எத்தனை சுற்று என்று எழுதியிருக்கும். கணக்கு அதேதான், சிமிட்டலுக்குப் பதில் சுற்று.

இதை இரண்டு தடவை செய்யுங்கள். எல்லோரும் படுத்த பிறகு ஒரு தடவை, வாட்டர் ஹீட்டரோ ஏசியோ ஓடும்போது ஒரு தடவை. இரண்டையும் ஒரு தாளில் குறித்து வையுங்கள். சிலருக்கு இதோடு வேலை முடிந்துவிடும், மானிட்டரே தேவைப்படாது. முடியாதவர்கள் மேலே படியுங்கள்.

படி 2: உங்கள் கேள்வி எது?

‘இந்தப் பழைய ஃப்ரிட்ஜ் எவ்வளவு இழுக்கிறது?’ என்பது ஒரு கேள்வி. அதற்குச் சாக்கெட்டுக்கும் சாதனத்துக்கும் நடுவே செருகும் பிளக் மீட்டர் போதும். ‘வீடு மொத்தமும் எந்த நேரத்தில் எவ்வளவு செலவழிக்கிறது?’ என்பது வேறு. அதற்கு மெயின் வயரைச் சுற்றி மாட்டும் கிளாம்ப் கருவி வேண்டும். ‘ஏசி, ஹீட்டர், மோட்டார் என்று தனித்தனியாகக் கணக்கு வேண்டும்’ என்றால் போர்டில் தனித்தனிப் பகுதிகளுக்கான எம்சிபி சுவிட்சுகள் ஒவ்வொன்றின் வயருக்கும் ஒரு கிளாம்ப். எம்போரியா வியூ, ஐயோட்டாவாட் போன்றவை இந்த வகை. ஒரே பெட்டியில் பத்துக்கு மேற்பட்ட கிளாம்புகளை இணைக்கலாம்.

நான்காவதாக ஒரு வழியும் உண்டு, பலர் இதைக் கவனிப்பதில்லை. மீட்டரின் சிமிட்டலை ஒரு ஒளி உணரியே எண்ணிக்கொள்ளும் கருவிகள் இருக்கின்றன. நெதர்லாந்து போன்ற நாடுகளில் ஸ்மார்ட் மீட்டரிலேயே வீட்டுக்காரர் கணக்கை எடுத்துக்கொள்ள ‘பி1’ என்ற துளை வைத்திருக்கிறார்கள். பில் போடும் அதே மீட்டரைப் படிப்பதால் இரண்டு கணக்கும் ஒத்துப்போகும். ஆனால் மீட்டர் மின் நிறுவனத்தின் சொத்து. அதன் மேல் எதையாவது ஒட்டுவதற்கு முன் கேட்டுக்கொள்ளுங்கள்.

‘ஒரே கிளாம்ப் போதும், எந்தச் சாதனம் ஓடுகிறது என்று நானே கண்டுபிடித்துச் சொல்வேன்’ என்னும் கருவிகளும் சந்தையில் இருக்கின்றன. இந்த யோசனை புதிதல்ல. எம்.ஐ.டி.யில் ஜார்ஜ் ஹார்ட் 1980-களில் ஆராய்ந்து, 1992-இல் விரிவான கட்டுரையாக வெளியிட்டது. ஹீட்டர் மாதிரி ‘டக்’கென்று ஏறி ‘டக்’கென்று இறங்கும் சுமைகளை இந்த முறை நன்றாகப் பிடிக்கும். இன்வெர்ட்டர் ஏசி போல மெல்ல ஏறி மெல்ல இறங்குவதிலும், சின்னச் சின்னச் சுமைகளிலும் தடுமாறும். அதை மட்டுமே நம்பி வாங்க வேண்டாம் என்பது என் கருத்து.

படி 3: பிளக் மீட்டரா? ஆம்பியரைப் பாருங்கள்

முதல் தடவை வாங்குபவர்களுக்கு என் சிபாரிசு இதுதான். போர்டைத் திறக்க வேண்டாம், எலக்ட்ரீஷியன் வேண்டாம். அது தாங்கும் ஆம்பியர், செருகப்போகும் சாதனம் இழுப்பதைவிடக் கூடுதலாக இருக்க வேண்டும். 10 ஆம்பியர் மீட்டரில் பெரிய ஹீட்டரைச் செருகினால் உருகிப்போகலாம். ஃப்ரிட்ஜை அளப்பதானால் ஐந்து நிமிடம் பார்த்துவிட்டுப் பெருக்காதீர்கள். கம்ப்ரஸர் ஓடும், நிற்கும், மறுபடி ஓடும். இரண்டு முழு நாள் விட்டு, மொத்த யூனிட்டை இரண்டால் வகுங்கள்.

படி 4: போர்டைத் திறந்து பார்க்காமல் ஆர்டர் போடாதீர்கள்

கிளாம்ப் வகைக்குப் போவதானால் எலக்ட்ரீஷியனை ஒரு தடவை கூப்பிட்டு மெயின் போர்டின் மூடியைக் கழற்றச் சொல்லுங்கள். எம்சிபியை இறக்கினாலும் மீட்டரிலிருந்து வரும் வயரில் மின்சாரம் இருந்துகொண்டே இருக்கும். இது நாமே செய்து பார்க்கும் வேலை இல்லை. மூடி திறந்திருக்கும்போது சில விஷயங்களைக் குறித்துக்கொள்ளுங்கள். சிங்கிள் ஃபேஸா, த்ரீ ஃபேஸா? த்ரீ ஃபேஸ் என்றால் மூன்று கிளாம்ப் வேண்டும். வட அமெரிக்க வீடுகளில் இரண்டு ஃபேஸ் வயர் வரும், அங்கே இரண்டு. மெயின் பிரேக்கர் எத்தனை ஆம்பியர்? கிளாம்ப் அதற்கு மேல் இருக்க வேண்டும், ஆனால் ரொம்பவும் மேலே போக வேண்டாம். 200 ஆம்பியர் கிளாம்பைச் சின்ன வீட்டில் மாட்டினால் இரவில் ஓடும் 20, 30 வாட்டை அது சரியாகக் காட்டாது. அரிசி மூட்டை நிறுக்கும் தராசில் ஏலக்காயை நிறுத்த மாதிரிதான்.

கிளாம்ப் உட்கார இடமும் வேண்டும். நெருக்கமான போர்டில் மூடி மறுபடி சேராமல் போய்விடும். வயரின் தடிமனையும் இடைவெளியையும் அளந்துவிடுங்கள். வைஃபை எட்டுகிறதா என்பதை மொபைலைப் போர்டு பக்கத்தில் வைத்துப் பார்த்தாலே தெரியும். போர்டு இரும்புப் பெட்டி என்றால் மூடியதும் சிக்னல் இன்னும் குறையும். இந்தக் கருவிகளில் பலவும் 2.4 கிகாஹெர்ட்ஸில் மட்டுமே இணையும் என்பதையும் நினைவில் வையுங்கள்.

கூரையில் சோலார் இருந்தால், மின்சாரம் எந்தத் திசையில் ஓடுகிறது என்று பிரித்துக் காட்டும் கருவிதான் வேண்டும். இல்லாவிட்டால் வெயில் நேரத்தில் நீங்கள் வெளியே அனுப்பும் மின்சாரத்தையும் செலவு என்றே கூட்டிவிடும்.

படி 5: வோல்டேஜையும் அளக்கிறதா?

பெட்டியின் மேல் தேட வேண்டிய முதல் விஷயம் இது. மலிவான சில கருவிகள் கரண்டை மட்டும் அளந்து, வோல்டேஜ் 230 என்றோ 120 என்றோ தாங்களே வைத்துக்கொண்டு பெருக்கிவிடுகின்றன. இஸ்திரிப் பெட்டி, ஹீட்டர் வரைக்கும் அது பரவாயில்லை. மோட்டார் வந்தால் கதை மாறும். மோட்டார் இழுக்கும் கரண்டில் ஒரு பகுதி வேலை எதுவும் செய்யாமல் போய் வந்துகொண்டிருக்கும். வேலை செய்யும் பங்கைத்தான் பவர் ஃபேக்டர் என்கிறோம். 230 வோல்ட்டில் 4 ஆம்பியர் இழுக்கும் மோட்டாரின் பவர் ஃபேக்டர் 0.6 என்றால், உண்மையான செலவு 552 வாட். கரண்டை மட்டும் பார்க்கும் கருவி அதையே 920 என்று காட்டும். வீட்டு மீட்டர் 552-ஐத்தான் யூனிட்டாகக் கணக்கிடும். பிறகு ‘மானிட்டர் ஒன்று சொல்கிறது, பில் ஒன்று சொல்கிறது’ என்று தலையைப் பிய்த்துக்கொள்ள வேண்டியதுதான். ‘உண்மைத் திறனை அளக்கும்’, ‘பவர் ஃபேக்டர் காட்டும்’ என்று விவரத்தில் எழுதியிருந்தால் வாங்கலாம். வோல்டேஜுக்கென்று தனி இணைப்பே இல்லாத கருவி என்றால் யோசியுங்கள்.

அடுத்தது, உங்கள் கணக்கு எங்கே போய்ச் சேருகிறது? பல கருவிகள் எல்லாவற்றையும் நிறுவனத்தின் சர்வருக்கே அனுப்புகின்றன. அந்தச் சேவை நின்றால் கருவி வெறும் பெட்டி. நீங்கள் எப்போது எழுகிறீர்கள், எந்த வாரம் வீடு பூட்டிக் கிடந்தது என்பதெல்லாம் அந்த கிராஃபிலேயே தெரியும் என்பதையும் யோசித்துக்கொள்ளுங்கள். வீட்டுக்குள்ளேயே தரவை வைத்துக்கொள்ள வழியிருக்கிறதா, ஃபைலாக இறக்கிக்கொள்ள முடியுமா என்று பாருங்கள். ஷெல்லி என்ற பிராண்டின் கருவிகளை, வீட்டுக் கம்ப்யூட்டரிலேயே ஓடும் ஹோம் அசிஸ்டென்ட் என்ற மென்பொருளோடு இணைத்து இணையமே இல்லாமல் ஓட்டலாம். ஹோம் அசிஸ்டென்டில் 2021 முதல் மின்செலவுக்கென்று தனிப் பக்கமே இருக்கிறது.

படி 6: மாட்டும் நாள்

இனி என் சுழியத்தின் கதை. எலக்ட்ரீஷியன் போர்டைத் திறந்து தந்தார். மெயினிலிருந்து ஒரே உறைக்குள் இரண்டு வயர் வந்தது. கிளாம்பின் வாய் பெரிதாக இருந்ததால் உறையோடு சேர்த்துக் கவ்வவிட்டேன். ஃபேஸில் போகும் கரண்ட் நியூட்ரலில் திரும்பி வருகிறது. இரண்டின் காந்தப்புலமும் எதிரெதிர். ஒன்றை ஒன்று அழித்துவிட, கிளாம்புக்கு எதுவும் மிஞ்சவில்லை. கிளாம்ப் ஃபேஸ் வயரை மட்டுமே சுற்றி இருக்க வேண்டும். வாயின் இரண்டு பக்கமும் ‘க்ளிக்’ என்று முழுதாகச் சேர வேண்டும். நடுவே ஒரு தூசி மாட்டினாலும் அளவு குறையும். அதன் மேல் பொறித்திருக்கும் அம்புக்குறியைக் கருவியின் கையேட்டில் உள்ளபடி வையுங்கள். மாற்றி வைத்தால் செலவு மைனஸில் வரும்.

கிளாம்பின் ஒயரை முதலில் மானிட்டரில் இணைத்துவிட்டு, பிறகுதான் மெயின் வயரில் மாட்ட வேண்டும். சில வகைக் கிளாம்புகளின் மறுமுனை எதிலும் சேராமல் திறந்து கிடந்தால் அங்கே ஆபத்தான வோல்டேஜ் உண்டாகும்.

எலக்ட்ரீஷியன் கிளம்புவதற்கு முன், முதல் படியின் சிமிட்டல் கணக்கை மறுபடி செய்யுங்கள். ஹீட்டர் மாதிரி பெரிய சுமை ஒன்றைப் போட்டுவிட்டு எண்ணி, மானிட்டர் காட்டுவதோடு ஒப்பிடுங்கள். ஓரிரு சதவீத வித்தியாசத்தை விட்டுவிடலாம். பாதியாகவோ இரட்டிப்பாகவோ வந்தால் கிளாம்பின் அளவை ஆப்பில் தப்பாகக் கொடுத்திருக்கிறீர்கள்.

படி 7: முதல் வாரம் இரவை மட்டும் பாருங்கள்

பகல் கிராஃப் மேலும் கீழும் குதித்துக்கொண்டிருக்கும், ஆரம்பத்தில் அதிலிருந்து எதுவும் புரியாது. விடிகாலை மூன்று மணிக்குக் கோடு எங்கே படுத்திருக்கிறது என்று பாருங்கள். ஒவ்வொரு 10 வாட்டும் வருஷத்துக்குக் கிட்டத்தட்ட 88 யூனிட். எனக்கு ஃப்ரிட்ஜ் நின்றிருக்கும் நேரத்திலும் 95 வாட் படுத்திருந்தது. கம்ப்யூட்டரை முறையாக அணைத்துவிட்டு எம்சிபிகளை ஒவ்வொன்றாக இறக்கினேன். மாடி அறையுடையதை இறக்கியதும் 38 வாட் விழுந்தது. பரணில் ஏறிப் பார்த்தால், ஸ்பீக்கர் எதுவும் இல்லாமல் பழைய ஆம்ப்ளிஃபையர் ஒன்று துணிமூட்டைக்குப் பின்னால் வெதுவெதுப்பாக உட்கார்ந்திருந்தது. வருஷத்துக்கு 330 யூனிட்டுக்கு மேல். அதைக் கடைசியாக யார் போட்டார்கள் என்று வீட்டில் இன்னும் யாரும் ஒப்புக்கொள்ளவில்லை.