வெயில் ஊர்ல குளிர்கால காய்கறித் தோட்டம் போடணும்னா எப்படி பிளான் பண்றது

வெயிலும் வறட்சியுமா இருக்கிற இடத்துல காய்கறிக்கு நல்ல சீசனே குளிர்காலம்தான், ஆனா அது ரொம்ப சின்ன சீசன். நிறைய பேர் காத்து சில்லுன்னு அடிக்க ஆரம்பிச்சப்புறம்தான் விதை தேடுறாங்க, அதுக்குள்ள பாதி காலம் போயிடுது. குளிர் எப்ப வரும்னு பாக்காதீங்க, வெயில் எப்ப திரும்பி வரும்னு பாருங்க. பகல்ல 30 டிகிரி தாண்டுற வாரத்தை காலண்டர்ல வட்டம் போட்டுட்டு அங்கேருந்து பின்னாடி எண்ணிக்கிட்டே வாங்க.

காலிஃபிளவர் நட்டப்புறம் ரகத்தைப் பொறுத்து 60லேருந்து 90 நாள் எடுக்கும், அதுக்கு முன்னாடி நாத்து வளர 4, 5 வாரம், ஆக மொத்தம் மூணுலேருந்து நாலு மாசம் ஆயிடுது. அப்போ வெயில் இன்னும் அடங்காத நேரத்துலயே நாத்து விட்டாகணும். நான் ஒரு வருஷம் ஒரு மாசம் லேட்டா விட்டேன், செடி நல்லா தளதளன்னு வந்துச்சு, பூ வைக்கிற நேரத்துல சூடு வந்து பூ இறுகாம பிரிஞ்சு போச்சு, அத்தனை நாள் ஊத்துன தண்ணியை நினைச்சா இப்பவும் வருத்தமா இருக்கு. முட்டைக்கோஸ், புரோக்கோலிக்கும் இதே கணக்குதான்.

நாத்துத் தட்டை 50 சதவீத நிழல் வலைக்கு அடியில வைங்க, காலை வெயில் மட்டும் பட்டா போதும். நடுறதுக்கு ஒரு வாரம் முன்னாடியிருந்து கொஞ்சம் கொஞ்சமா வெயில் காட்டுங்க. லெட்டூஸ் விதை மண்ணு சூடா இருந்தா முளைக்காது, 27, 28 டிகிரி தாண்டினாலே பல ரகம் தூங்கிடும், விதை கெட்டுப்போச்சுன்னு தூக்கிப் போட்டுடாதீங்க. ஈரத்துணியில சுத்தி ஒரு நாள் ஃப்ரிட்ஜ்ல வச்சு எடுத்து சாயங்காலமா விதைச்சுப் பாருங்க. பாலக் கீரைக்கும் சூட்டு மண்ணு ஒத்துக்காது.

கேரட், முள்ளங்கி, பீட்ரூட் மூணையும் நேரடியா பாத்தியிலயே விதைக்கணும், அதுலயும் கேரட் பிடுங்கி நட்டா கிழங்கு கோணிக்கும். கேரட்தான் இதுல கஷ்டமானது. முளைக்க 10லேருந்து 20 நாள் ஆகும், அத்தனை நாளும் மேல் மண்ணு காயவே கூடாது, வறண்ட காத்துல ஒரு மத்தியானம் விட்டாலே முளை கருகிடும். விதைச்சதும் நனைச்ச கோணிச்சாக்கை மேல போட்டு மூடிடுங்க, சாக்கு காயாம தண்ணி தெளிங்க, அஞ்சாவது நாள்லேருந்து தினமும் தூக்கிப் பாருங்க, முளை தெரிஞ்ச உடனே எடுத்துடணும். மக்காத சாணம் போட்ட மண்ணுல மட்டும் கேரட் போடாதீங்க, கிழங்கு கிளை விட்டுடும்.

பாத்தியை உசத்தாதீங்கன்னுதான் நான் சொல்லுவேன். மேட்டுப்பாத்தி மழை அதிகமான இடத்துக்கு சரி, வறண்ட இடத்துல அது எல்லாப் பக்கமும் காய்ஞ்சுக்கிட்டே இருக்கும். சுத்தி இருக்கிற தரையை விட ஒரு 10 சென்டிமீட்டர் பள்ளமா வச்சா தண்ணி உள்ளேயே நிக்கும், காத்தும் அவ்வளவா அடிக்காது. தண்ணி தேங்குற களிமண்ணா இருந்தா மட்டும் சமதளமா விடுங்க. நல்லா மக்குன எரு 5லேருந்து 8 சென்டிமீட்டர் கனத்துக்குப் போட்டு கொத்தி விட்டு, செடி கொஞ்சம் வளந்ததும் காய்ஞ்ச இலை, வைக்கோல்னு மூடாக்கு போட்டுடுங்க.

இடம் பாக்கும்போது ஒண்ணு, குளிர்காலத்துல சூரியன் தாழ்வா போகும், நிழல் நீளமா விழும். கோடையில வெயில் அடிச்ச மூலை இப்போ செவுரு நிழல்ல முழுசா மாட்டிக்கலாம், குறைஞ்சது 6 மணி நேரம் வெயில் வேணும்.

விதை முளைச்சு செடி ஆனப்புறம் தண்ணியை தினமும் கொஞ்சமா தெளிக்கிறது வேண்டாம். விரலை ரெண்டு கணு ஆழம் விட்டுப் பாருங்க, காய்ஞ்சிருந்தா ஆழமா இறங்குற மாதிரி விடுங்க. மண்ணு மேல வெள்ளையா படிஞ்சா அது உப்பு, அப்பப்போ ஒரு தடவை நிறைய தண்ணி விட்டாதான் வேருக்குக் கீழ இறங்கும்.

முள்ளங்கி 30 நாள்ல வந்துடும், எல்லாத்தையும் ஒரே நாள்ல விதைக்காம ரெண்டு வாரத்துக்கு ஒரு வரிசைன்னு போடுங்க. பட்டாணிக்கு வெயில் ஏறுனா பூ கொட்டிடும், அதனால சீக்கிரமே போட்டுடுங்க.

அசுவினின்னு சாறு உறிஞ்சுற குட்டிப் பூச்சி குளிர் குறையும்போதுதான் கூட்டமா வரும், இலைக்கு அடியில பாத்து தண்ணியை வேகமா அடிச்சாலே பாதி போயிடும். கோஸ் வகைக்கு நட்ட அன்னைக்கே பூச்சி வலை கட்டிடுங்க, புழு வந்தப்புறம் கட்டி பிரயோஜனம் இல்ல.

வெயில் திரும்புறப்போ நாத்துக்கு வச்சிருந்த அதே நிழல் வலையை லெட்டூஸ், கொத்தமல்லி மேல கட்டுங்க, இன்னும் கொஞ்ச நாள் பறிக்கலாம். பூ விட்ட கொத்தமல்லியில ரெண்டு மூணு செடியைப் பிடுங்காம விடுங்க, அந்தப் பூவுக்கு வர்ற ஈக்கள் சிலதோட புழு அசுவினியைத் தின்னும், விதை காய்ஞ்சதும் எடுத்து வச்சா அடுத்த சீசனுக்கு ஆச்சு.