ரிசர்வ் படையிலும் இருக்கும் விமானிகளுக்கு ஒரு குறிப்பு

அமெரிக்காவில் பயணிகள் விமானம் ஓட்டிக்கொண்டே ரிசர்வ் படையிலும் (பகுதிநேர ராணுவப் பணியிலும்) இருக்கிறீர்களா? அடுத்த மாதப் பறப்பு அட்டவணைக்கு விருப்பம் கொடுக்கும் முன்பே, படைப் பயிற்சித் தேதிகளை நிறுவனத்துக்கு மின்னஞ்சலில் அனுப்பிவிடுங்கள். ராணுவச் சேவைக்குப் போகிறவர்களின் வேலையைப் பாதுகாக்கும் 1994-ஆம் ஆண்டின் யுசெர்ரா (USERRA) சட்டப்படி வாயால் சொன்னாலே போதும். ஆனாலும் எழுத்தில் இருப்பதுதான் பின்னால் கைகொடுக்கும். அந்த நாட்களுக்கு உங்கள் சொந்த விடுப்பை எடுக்கச் சொல்லி யாரும் கட்டாயப்படுத்த முடியாது. பணிமூப்பும் குறையாது.

அப்புறம், தூக்கம். இதைத்தான் பலரும் விட்டுவிடுகிறார்கள். 30 நாள் வரையிலான சேவை என்றால், வீடு திரும்பி 8 மணி நேரம் ஓய்வெடுத்தபின் வரும் பணிக்குப் போனால் போதும். அந்த உரிமையைப் பயன்படுத்துங்கள். ஞாயிறு இரவு ராணுவ பூட்ஸைக் கழற்றிவிட்டு, திங்கள் காலை 5 மணி விமானத்தைக் கேட்டு வாங்காதீர்கள்.