பின்சக்கர பிரேக் பேட், டிஸ்க்: வீட்டில் மாற்றும்போது கவனிக்க வேண்டியவை

முன்பக்க பேட் மாற்றிக் கை பழகியவர்கள்கூடப் பின்பக்கத்தில் மாட்டிக்கொள்வார்கள். காரணம் ஹேண்ட் பிரேக். பின்பக்கத்திலும் டிஸ்க் உள்ள பல கார்களில் அதன் பொறியமைப்பு பின் காலிப்பருக்குள்ளேயே, அதாவது பேடுகளால் டிஸ்க்கைக் கவ்விப் பிடிக்கும் பாகத்துக்குள்ளேயே, இருக்கிறது. அதனால் பேடைத் தள்ளும் பிஸ்டனை முன்பக்கம் மாதிரி சி-கிளாம்ப் வைத்து நெருக்கினால் உள்ளே போகாது. மீறி நெருக்கினால் உள்ளிருக்கும் திருகு உடைந்து காலிப்பரே புதிதாக வாங்க வேண்டிவரும்.

ஆகவே உங்கள் காரில் எந்த வகை என்று முதலில் பாருங்கள். காலிப்பரின் பின்னால் சின்ன நெம்புகோலும் கேபிளும் இருந்தால் பிஸ்டனைத் திருகித்தான் உள்ளே அனுப்ப வேண்டும். கேபிளுக்குப் பதில் கறுப்பு மோட்டாரும் ஒயரும் இருந்தால் அது எலக்ட்ரானிக் ஹேண்ட் பிரேக்; ஸ்கேனர் வழியாகவோ, கையேட்டில் சொன்ன முறையிலோ சர்வீஸ் நிலைக்குக் கொண்டுபோகாமல் தொடவே கூடாது. காலிப்பர் வெளியே இருக்கும்போது யாரும் ஹேண்ட் பிரேக் பட்டனை அழுத்திவிடாமலும் பார்த்துக்கொள்ளுங்கள். மூன்றாவது வகையில் டிஸ்க்கின் நடுக்குழிக்குள் ஹேண்ட் பிரேக்குக்கென்று சின்ன ஷூ இருக்கும். பிஸ்டனை நேராகத் தள்ளலாம், டிஸ்க்கைக் கழற்றுவதுதான் சிரமம்.

டிஸ்க்கை மாற்றத்தான் வேண்டுமா என்பதற்கு அதன் விளிம்பிலோ நடுக்குழியிலோ பொறித்திருக்கும் குறைந்தபட்சத் தடிமன் அளவே பதில். தடிமன் அளக்கும் வெர்னியரை வெறுமனே விளிம்பில் வைத்தால் தேயாத கரையையும் சேர்த்து அளந்துவிடும். தாடைகள் கரையைத் தாண்டிப் பேட் உரசும் இடத்தைத் தொட வேண்டும். பேடில் 3 மி.மீ. மட்டும் மிச்சமிருந்தால் மாற்றிவிடுங்கள். இரண்டையும் இடம் வலம் சேர்த்து ஜோடியாகத்தான் மாற்ற வேண்டும்.

சிமென்ட் தரையில் நிறுத்துங்கள். வெயிலில் இளகிய தாரில் காரைத் தாங்கும் ஸ்டாண்டின் கால் புதைந்து சாயும். ஹேண்ட் பிரேக்கை விடுவிக்க வேண்டியிருப்பதால் முன்சக்கரம் இரண்டுக்கும் முன்னும் பின்னும் கட்டை கொடுங்கள். வீல் நட்டுகளைச் சக்கரம் தரையில் இருக்கும்போதே அரைச் சுற்றுத் தளர்த்திவிட்டுப் பிறகு ஜாக்கி போடுங்கள். ஜாக்கி தூக்கத்தான், தாங்க ஸ்டாண்ட் வேண்டும். ஹாலோ பிளாக், செங்கல் எதுவும் வேண்டாம், அவை முன்னறிவிப்பில்லாமல் நொறுங்கும். ஒரு பக்கம் முடிந்த பிறகு மறுபக்கம் பிரியுங்கள். எந்தக் கிளிப் எங்கே என்ற சந்தேகத்துக்குப் பிரிக்காத பக்கம் பதில் சொல்லும்.

காலிப்பரின் இரண்டு போல்ட்டைக் கழற்றியதும் அதைப் பிரேக் ஹோஸில் தொங்கவிடாதீர்கள். கட்டுக்கம்பியால் சஸ்பென்ஷன் ஸ்பிரிங்கில் கட்டுங்கள். கழற்றிய பேடுகளை உடனே தூக்கிப் போட்டுவிடாமல் கொஞ்சம் பாருங்கள். உள்பக்கப் பேட் மட்டும் அதிகம் தேய்ந்திருந்தால் காலிப்பர் நகர உதவும் ஸ்லைடு பின் இறுகியிருக்கலாம், அல்லது பிஸ்டன் திரும்பாமல் இருக்கலாம். ஒரே பேட் ஒரு முனையில் தடிமனாகவும் மறுமுனையில் மெலிந்தும் இருந்தால் ஒரு பின் மட்டும் நகரவில்லை. இதைச் சரிசெய்யாமல் புதுப் பேட் போட்டால் அதுவும் அப்படியேதான் தேயும்.

அடுத்து காலிப்பரைத் தாங்கும் பிராக்கெட். அதன் போல்ட் மிக இறுக்கமாக இருக்கும், நீளக் கைப்பிடி தேவை. சில கார்களில் அந்தப் போல்ட்டுகளை ஒருமுறைக்கு மேல் பயன்படுத்தக் கூடாது. கையேட்டைப் பார்த்து முன்கூட்டியே வாங்கிவையுங்கள். டிஸ்க்கைப் பிடித்திருக்கும் சின்ன ஸ்க்ரூவின் தலை வழுக்கத் தொடங்கினால் மேலும் திருகாமல் இம்பாக்ட் டிரைவரை வைத்துச் சுத்தியலால் தட்டுங்கள். அப்படியும் வராவிட்டால் தலையைத் துளையிட்டு எடுத்துவிடலாம். ஓடும்போது டிஸ்க்கைப் பிடித்திருப்பது வீல் நட்டுதான். டிஸ்க் துருவில் ஒட்டியிருந்தால் அதன் முகத்தில் இருக்கும் மரைத்துளைகளில் போல்ட் போட்டு மாறி மாறி இறுக்குங்கள். பல கார்களில் அது எம் 8 அளவு.

இனி யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளாத, ஆனால் வேலையின் தரத்தைத் தீர்மானிக்கும் இடம்: ஹப்பின் முகம். டிஸ்க் உட்காரும் அந்தத் தட்டையில், குறிப்பாக ஸ்டட்டுகளைச் சுற்றி, துரு செதில் செதிலாக ஏறியிருக்கும். கம்பி பிரஷ், எமரி பேப்பர் போட்டு இரும்பு பளிச்சென்று தெரியும்வரை தேயுங்கள். அங்கே மெல்லிய ஒரு செதில் தங்கினாலும் டிஸ்க்கின் வெளி விளிம்பில் ஆட்டம் இன்னும் கூடுதலாகத் தெரியும். அன்றைக்கு ஒன்றும் தெரியாது. சுற்றுக்கு ஒருமுறை பேட் ஒரே இடத்தில் உரசி, சில ஆயிரம் கிலோமீட்டரில் டிஸ்க்கின் தடிமன் இடத்துக்கு இடம் மாறும். பெடல் காலுக்கடியில் துடிக்கத் தொடங்கும். அப்போது ‘டிஸ்க் மட்டமான சரக்கு’ என்று கடைக்காரரைத் திட்டுவார்கள்.

புது டிஸ்க்கின் எண்ணெய்ப் பூச்சைப் பிரேக் கிளீனரால் கழுவுங்கள். ஸ்லைடு பின்னுக்குச் சிலிக்கான் கிரீஸ் மட்டும். பேரிங் கிரீஸ் பட்டால் ரப்பர் உப்பிப் பின் இறுகும். பிராக்கெட்டில் உட்காரும் பேடின் காதுகளுக்குப் பிரேக் கிரீஸ் லேசாக, உரசும் முகத்தில் ஒரு பொட்டுகூடப் படாமல்.

பிஸ்டனைத் திருகும்முன் பிரேக் ஆயில் டேங்க்கைத் திறந்து பாருங்கள். ஆயில் மேல்கோடு வரை இருந்தால் சிரிஞ்சால் கொஞ்சம் உறிஞ்சுங்கள், வழிந்தால் பெயின்ட்டைத் தின்றுவிடும். பிஸ்டன் கருவியை அழுத்தியபடியே மெல்லத் திருகுங்கள். பெரும்பாலும் வலஞ்சுழி, சில கார்களில் ஒரு பக்கம் இடஞ்சுழி. திருகத் திருக வெளியே வந்தால் திசை தவறு. ரப்பர் மூடி பிஸ்டனோடு முறுக்கிக்கொண்டால் விரலால் விடுவியுங்கள். முழுதும் போனதும் பிஸ்டன் முகத்தின் பள்ளம், பேடின் முதுகில் இருக்கும் குமிழுக்கு நேராக நிற்க வேண்டும். தவறினால் பேட் கோணலாக உட்காரும்.

எல்லா போல்ட்டையும் கையேட்டில் உள்ள அளவுக்கு டார்க் ரெஞ்சால் இறுக்குங்கள். சக்கரம் மாட்டி இறக்கியதும், வண்டியை நகர்த்தும்முன் பெடலைக் கெட்டியாகும்வரை பலமுறை மிதிக்க வேண்டும். மறந்தால் முதல் பிரேக்கில் பெடல் தரைக்குப் போகும். ஆயில் அளவு பார்த்து, ஹேண்ட் பிரேக்கைச் சிலமுறை இழுத்து விடுங்கள்.

புதுப் பேடும் டிஸ்க்கும் ஒன்றோடொன்று பழக, ஆளில்லாத சாலையில் 60 கி.மீ. வேகத்திலிருந்து 10 வரை மிதமாகப் பிரேக் பிடித்து, நிறுத்தாமல், இடையில் அரை நிமிடம் ஆறவிட்டு எட்டுப் பத்து முறை செய்யுங்கள். சூடான டிஸ்க்கோடு ஹேண்ட் பிரேக் போட்டு நிறுத்தாதீர்கள். பிறகு பிரேக்கை அதிகம் பிடிக்காமல் சிறிது தூரம் ஓட்டிவிட்டு இரண்டு பின்சக்கரத்துக்கும் அருகே கையைக் கொண்டுபோங்கள், டிஸ்க்கைத் தொட வேண்டாம். ஒரு பக்கம் மட்டும் அனல் அடித்தால் அந்தப் பக்கத்துப் பின்னையோ ஹேண்ட் பிரேக் கேபிளையோ மறுபடி பாருங்கள்.